மயில்கழுத்து நிறத்தில் ஒரு துண்டுத் துணி

மனித குலம் இதுவரை செய்த முட்டாள்தனங்களில் தலையாயது பிராம்தான் என்பதை, ஏப்ரல் மாதத்து மதியம் ஒன்றில், ஹெல்விக் மேல்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில், கார்ஸ்டன் ஹாவ்லண்ட் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினான். போரில்கூட ஒரு தரப்பாவது ஜெயிக்கிறது என்றான். கொள்ளைநோய்கூட யாரிடமும் முன்பணம் கேட்பதில்லை என்றான். பள்ளியின் கடைசி வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி ஆடும் அந்த நடனத்துக்குத்தான் மனிதன் காசு கட்டி, முடி வெட்டி, வாடகைக் கோட்டுக்குள் புகுந்து, வரிசையில் நின்று தோற்கிறான்.

இந்த உரையை மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருத்தி தக்காளி சாஸ் எடுக்க வந்தவள்.

"உன் கோட்டு வாடகை மூணு டன்னு," என்று எதிரே உட்கார்ந்திருந்த டெவினைப் பார்த்துச் சொன்னான் கார்ஸ்டன். ஹாவ்லண்ட் வீட்டில் எதன் விலையையும் டாலரில் பேசுவதில்லை. அது தங்கள் வயலில் விளையும் சர்க்கரை பீட்ரூட் எத்தனை டன்னுக்குச் சமம் என்றுதான் அப்பா டுவேன் சொல்வார், பிள்ளைக்கும் அதே பழக்கம். "ஒரு ராத்திரி போட்டுட்டுக் கழட்டிக் கொடுக்கிற கோட்டுக்கு மூணு டன் பீட்ரூட். உன் ஜோடி பெய்ஜோட கவுன் எட்டு டன்னு. அவ மணிக்கட்டுல கட்டுற பூ அரை டன்னு, அதுவும் பாதி ஆட்டத்துல வாடிப் போகும். உங்களைப் பார்த்தா எனக்கு ஜோடியாவே தெரியலைடா. ரெண்டு லாரி லோடு கைகோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

டெவின் கோபித்துக்கொள்ளும் ஜாதி இல்லை. "நீயும் வாயேன்டா," என்றான் வாய் நிறைய ரொட்டியோடு.

"எதுக்கு?"

"நல்லா இருக்கும்."

இவ்வளவு பலவீனமான வாதத்தைக் கார்ஸ்டன் தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை. அவனை யாரும் ஜோடிக்கு அழைக்கவில்லை, அவனும் யாரையும் அழைக்கவில்லை என்பது வேறு விஷயம். அதை அவன் ஒரு விஷயமாகவே கருதவில்லை.

அப்போதுதான் டெவின் பர்ஸிலிருந்து அதை எடுத்தான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணித் துண்டு. ஹெல்விக்கில் வசந்தம் வந்தால் பாதிப் பையன்களின் பர்ஸில் இப்படி ஒன்று இருக்கும். பெண் தன் உடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பாள். பையன் அதைக் கடைக்குக் கொண்டுபோய், கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட்டையும் டையையும் பூவையும் அதே நிறத்தில் எடுக்க வேண்டும். நிறம் தப்பினால் அந்தத் தப்பு படமாகி, உறவினர் வீடுகளின் குளிர்பெட்டிக் கதவுகளில் ஆயுசுக்கும் தொங்கும்.

"ஆரஞ்சு," என்றான் கார்ஸ்டன்.

"பவழம்டா. ஆரஞ்சுன்னு சொன்னா பெய்ஜ் அழுவா."

"ஒரு துண்டுத் துணியை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலையறதுக்கு உலகத்துல ஒரே ஒரு பிராணிதான் இருக்கு. மோப்ப நாய்."

பள்ளி விடுவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் துண்டு வைத்திருந்த எல்லாப் பையன்களுமே மோப்ப நாய்கள். டெவினுக்கு அதில் வருத்தம் இல்லை. அவனுக்கு நாய் பிடிக்கும்.

*

வீட்டில் இந்தச் செய்தியைக் கார்ஸ்டன் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் அம்மா ரெனீ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியாக வந்து சேர்ந்துவிடும்.

"அப்போ நீ மார்ச்சுக்கும் வரமாட்டே," என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்தபடி.

மார்ச் என்றால் கிராண்ட் மார்ச். பிராம் ஆட்டத்துக்கு முன்னால், சாயங்காலம், ஊர் மொத்தமும் பள்ளி உள்ளரங்கில் வந்து உட்காரும். பெயர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் பலூன் வளைவுக்கு அடியில் நடந்து வருவார்கள். எல்லோரும் நடந்து முடிந்ததும், கடைசி வருடப் பையன்கள் கூட்டத்துக்குள் போய்த் தங்கள் அம்மாவைக் கைபிடித்து இறக்கி வந்து, ஒரே ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். பெண்கள் அப்பாவோடு ஆடுவார்கள். விதைப்பு நேரம்தான், ஆனாலும் அந்த ஒரு பாட்டு முடிகிறவரைக்கும் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் ஓடாது.

"மார்ச்சா?" என்றான் கார்ஸ்டன், மேடை கிடைத்த சந்தோஷத்தில். "கண்காட்சியில கன்னுக்குட்டியைப் பேர் வாசிச்சு நடக்க விடுவாங்களே, அதேதாம்மா இது. கன்னுக்குட்டிக்காவது ரிப்பன் கொடுப்பாங்க."

அப்பா சிரிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றாள் ரெனீ.

உப்பை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். "அதனால என்ன, பரவாயில்ல."

அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் எழுந்து போய் அடுப்பைத் திறந்து பார்த்தாள். "பரவாயில்லடா."

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு இலக்கணம் உண்டு. ரெனீ அதை ஒரு தடவை சொன்னால் உண்மையாகவே பரவாயில்லை என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் யோசித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது தடவையை அவர்கள் இதற்கு முன்னால் கேட்டது, விதைப்பு இயந்திரத்துக்குப் பாகம் வாங்குவதற்காக டுவேன் அவளுடைய பியானோவை விற்ற அன்றைக்கு.

சாப்பிட்டு முடித்துக் கொட்டகைக்குப் போகும்போது அப்பா கதவருகே நின்றார். "மூணு," என்றார்.

"என்னப்பா மூணு?"

"எண்ணினேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டுவேனைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

*

சனிக்கிழமை காலை ரெனீ ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போனாள். போகும்போது, மாடி நடையில் சில பெட்டிகள் இருக்கின்றன, சர்ச்சில் பழைய சாமான் விற்பனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றாள். கார்ஸ்டன் அவற்றைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் லாவோன் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் பூக்கடை வைத்திருப்பவள் லாவோன். அதே கடையில் கோட்டு வாடகைக்குக் கிடைக்கும், சாவிக்கு நகல் போட்டுத் தருவாள். ஊரில் பிறக்கிறவர்களுக்கும் கட்டிக்கொள்கிறவர்களுக்கும் போய்ச் சேருகிறவர்களுக்கும் அவள் கையால்தான் பூ.

பெட்டியிலிருந்து ஒரு காப்பிக் கெண்டி வந்தது, தாள் விரிப்புகள் வந்தன. அப்புறம் மெல்லிய தாளில் சுற்றிய ஒன்றை லாவோன் எடுத்து உதறினாள்.

ஒரு பெண்ணுடுப்பு. அவள் கையில் பச்சையாக இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பியபோது நீலமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். நம் புடவைக் கடைப் பையன் அண்ணாந்து பார்க்காமலே சொல்லிவிடுவான், மயில்கழுத்து என்று. கை ஓரத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

"இது ரெனீயோடதாச்சே," என்றாள் லாவோன். "ஆத்துல வெள்ளம் வந்த வருஷம் எடுத்தது."

கார்ஸ்டனுக்கும் தெரியும். அண்ணன் டேரன் பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது, கார்ஸ்டன் சமையலறை மேசைக்கு அடியில் பொம்மை டிராக்டர் ஓட்டுகிற வயது. மேசைக்கு அடியிலிருந்து அவனுக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள்தான். அம்மாவின் கால்களைச் சுற்றி இதே துணி. மார்ச்சில் அம்மாவோடு ஆடும் அந்த ஒரு பாட்டுக்காக டேரன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிப் பழகிக்கொண்டே அம்மாவின் காலை மிதிப்பான். அம்மா ஐயோ என்று கத்திவிட்டுச் சிரிப்பாள். விலைச்சீட்டைக் கழற்றிவிடாதே, ஏதாவது கொட்டிவிடப் போகிறாய் என்று அப்பா சொல்வார். அப்புறம் பனியெல்லாம் ஒரே வாரத்தில் உருகியது. ஆறு கரை ஏறியது. உள்ளரங்கு முழுக்க மணல் மூட்டையும் மடக்குக் கட்டிலும். பிள்ளைகள் எல்லோரும் மூட்டை கட்டினார்கள், அம்மா அவர்களுக்கு ரொட்டி கட்டினாள். தண்ணீர் வடிந்தபோது பள்ளியும் முடிந்திருந்தது, பிராமும் போயிருந்தது. டேரன் மேற்கே எண்ணெய் வயல் வேலைக்குப் போய்விட்டான். உடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

டேரனுக்கு அப்புறம் கார்ஸ்டன். கார்ஸ்டனுக்கு அப்புறம் அந்த வீட்டில் யாரும் கிடையாது. கணக்கில் கெட்டிக்காரன் அவன். ஆனால் இந்தக் கணக்கு டன்னில் வரவில்லை.

"அது தப்பா வந்துடுச்சு ஆன்ட்டி," என்றான்.

"பெட்டி மேல அவ கையெழுத்து இருக்கே."

"கையெழுத்தும் தப்பா வந்துடுச்சு."

லாவோன் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தாள். "சர்ச்சுக்குக் கொடுத்தா அது சர்ச்சோடது. எட்டு டாலர்."

"எங்கம்மாவோட டிரஸ் ஆன்ட்டி இது!"

"அதனாலதான் எட்டு. மத்தவங்களுக்குப் பன்னெண்டு."

எட்டு டாலருக்கான சீட்டை அவளே ஒட்டிக் கொடுத்தாள். கார்ஸ்டன் பணத்தை வைத்துவிட்டு, உடுப்பைச் சட்டைக்கு உள்ளே திணிக்கலாமா கையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, படி வரைக்கும் போய், திரும்பி வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு ஃபிரெண்டுக்காகக் கேக்குறேன். கோட்டு வாடகைக்குச் சொல்ல இன்னும் நாள் இருக்கா?"

"போன வாரத்தோட முடிஞ்சுது. உன் ஃபிரெண்டு என்ன உசரம்?"

"என் உசரம்தான்."

"தோளு?"

"என் தோளுதான்."

"வாயும் உன் வாய்தானா? ஐயோ பாவம்." லாவோன் காப்பிக் கெண்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். "திங்கக்கிழமை கடைக்கு வரச் சொல்லு, பார்க்கலாம். வரும்போது நிறத்துக்கு ஒரு துண்டு கொண்டு வரணும். துண்டு இல்லாம நான் யாருக்கும் நிறம் எடுத்துத் தரமாட்டேன். ஞாபகத்துல இருக்கு, ஞாபகத்துல இருக்கும்பானுங்க. அப்புறம் படம் வந்ததும் அம்மாவைக் கூட்டிட்டு வந்து சண்டை போடுவானுங்க."

*

துண்டு எப்படி வெட்டுவது என்று கார்ஸ்டனுக்குத் தெரியாது. பெண்கள் உள்தையலில் மடிந்து கிடக்கும் உபரித் துணியில் வெட்டுவார்கள்; வெளியே தெரியாது. ஆனால் துண்டு எங்கிருந்து வருகிறது என்று அந்த ஊரில் எந்தப் பையனும் இதுவரை யோசித்ததில்லை. அம்மாவின் தையல் கூடையில் கத்திரி இருந்தது. அது எந்தக் கோணத்தில் இருந்தது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அவன் உடுப்போடு கொட்டகைக்குப் போய், அப்பா தகரம் வெட்டும் கத்திரியை எடுத்து, கீழ் விளிம்பில், மறைவான இடம் என்று அவன் நம்பிய ஒரு இடத்தில் வைத்து அழுத்தினான்.

துண்டு வந்தது. விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பல் விழுந்தது.

தலை நிமிர்ந்தால் வாசலில் அப்பா. பிள்ளையின் கையில் தகரக் கத்திரி, மடியில் அம்மாவின் உடுப்பு, முகத்தில் கொலை செய்தவனின் களை. டுவேன் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"எண்ணெய் போட்டு வை," என்றார். "கத்திரிக்கு." போய்விட்டார்.

*

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கார்ஸ்டன் பின் தெரு வழியாக லாவோன் கடைக்குப் போனான். ஹெல்விக்கில் பின் தெரு என்பது முன் தெருவிலிருந்து தெளிவாகத் தெரியும் ஒரு தெரு.

லாவோன் துண்டை வாங்கிப் பார்த்தாள். அதன் ஓரத்தைப் பார்த்தாள். "இதை எதால வெட்டினே?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். வளையத்தில் கோத்த நிறத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். "கடல்"னு ஒண்ணு இருக்கு, நீலம் தூக்கல். "காடு"ன்னு ஒண்ணு, சுத்தமா ஆகாது என்றாள். இருவரும் வெளியே நடைபாதைக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். கார்ஸ்டன் எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை இதுதான் என்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இல்ல ஆன்ட்டி, இது கொஞ்சம் மங்கல்," என்றான். சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று சுற்றும்முற்றும் பார்த்தான்.

உள்ளே அலமாரியின் அடியிலிருந்து லாவோன் ஒரு வெயிஸ்ட்கோட்டை உருவினாள். திருப்பினால் பச்சை, வெளிச்சத்தில் நீலம். "ஒரு மாப்பிள்ளைக்காக வரவழைச்சது. கல்யாணம் நின்னு போச்சு. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். உனக்கு வேண்டாம், உன் ஃபிரெண்டுக்குச் சொல்றேன்."

கதவு மணி அடித்தது. டெவின், இடுப்பளவு கொடுக்க வந்திருந்தான். கார்ஸ்டன் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ரோஜா வாளிக்குள் ஆழ்ந்து பார்க்க ஆரம்பித்தான்.

"டேய், நீ இங்க என்னடா பண்றே?"

"பூ வாங்க வந்தான்," என்றாள் லாவோன். "சாவுக்கு."

டெவினின் முகம் வாடியது. "ஐயோ. யாரு செத்தது?"

"ஒரு கொள்கை."

டெவினுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மூடிய கையைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த வெயிஸ்ட்கோட்டைப் பார்த்தான். ஊருக்கே சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவன் இடுப்பளவைக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கதவு வரைக்கும் போய், அங்கே நின்று மூக்கை உயர்த்தி, உஸ் உஸ் என்று காற்றை இரண்டு முறை முகர்ந்தான்.

"போடா," என்றான் கார்ஸ்டன்.

"பவழம் இல்ல," என்றான் டெவின் சந்தோஷமாக. "நல்ல நிறம்டா." போய்விட்டான். மறுநாள் பள்ளியில் இதைப் பற்றி ஒரு சொல் எழவில்லை.

*

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ரெனீ பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மேல்கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருக்கும் கொக்கியில் மாட்டப் போனாள். கொக்கியில் ஏற்கெனவே உடுப்பு தொங்கியது.

மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டுவேன் சூப்பைக் குடிப்பதை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்தினார். ரெனீ ஒரு விரலால் பழைய விலைச்சீட்டைத் தொட்டாள். பக்கத்தில் சர்ச்சின் எட்டு டாலர் சீட்டைத் தொட்டாள். அப்புறம் குனிந்து விளிம்பைக் கையில் எடுத்தாள்.

"எலி," என்றாள். "நம்ம வீட்டுல எலி கிடையாதே."

கார்ஸ்டன் இதற்காகச் சில வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தான். கிராண்ட் மார்ச்சின் சமூகப் பயனைப் பற்றி ஒன்று. கன்றுக்குட்டி உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் விதமாக ஒன்று. பள்ளியிலேயே அதிகம் பேசும் பையன் என்று மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்திருந்த கார்ஸ்டன் ஹாவ்லண்ட், ஒன்றும் பேசாமல், பர்ஸைத் திறந்து, துணித் துண்டை எடுத்து, மேசைமேல் உப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

பையன் ஒருத்தன் பர்ஸிலிருந்து துணித் துண்டை எடுத்து வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஹெல்விக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ரெனீ அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேருந்துச் சாவி இன்னும் கையிலேயே இருந்தது.

"தகரக் கத்திரியாலயா வெட்டினே?"

"ஆமா."

"ஓரமெல்லாம் எண்ணெய்."

"சாரிம்மா."

"பரவாயில்ல."

கார்ஸ்டன் காத்திருந்தான். டுவேன் கரண்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குளிர்பெட்டி உறுமி அடங்கியது. அடுத்த பரவாயில்லை வரவேயில்லை. ரெனீ எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தேவைக்கு மேலேயே கழுவிக்கொண்டு, தையல் கூடையோடு திரும்பி வந்தாள். உடுப்பை மடியில் போட்டு, கடிபட்ட இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உனக்கும் எண்ணிக்கிட்டே ஆடத்தான் வரும்னு நினைக்கிறேன்," என்றாள் ஊசியில் நூலைக் கோத்தபடி. "உங்கண்ணனை மாதிரி."

"நான் மனசுக்குள்ள எண்ணுவேன்."

"கால்ல ஷூ போட்டுட்டு வா சாப்பிட்டதும். உன் மிதியை இப்பவே பழகிக்கிறேன்." கையை நீட்டினாள். "அந்தத் துண்டைக் கொடு. வெச்சுத் தைச்சா வெளியில தெரியாது."

கார்ஸ்டன் துண்டை எடுத்தான். கொடுக்கவில்லை.

"பூவுக்கு நிறம் பார்க்கணுமாம். லாவோன் ஆன்ட்டி கேட்டாங்க."

லாவோன் அப்படி எதுவும் கேட்கவில்லை. பூவின் நிறமெல்லாம் அவள் நடைபாதையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

"பூ எவ்வளவு?" என்றார் டுவேன், சூப்பைப் பார்த்துக்கொண்டு.

"அரை டன்னுப்பா."

"ம். தேவலை."

கார்ஸ்டன் துண்டின் ஓரங்களை நகத்தால் நீவி, நூல் பிரியாமல் இரண்டாக மடித்து, பர்ஸுக்குள், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால், விழாத இடமாகப் பார்த்து வைத்தான்.